கயலுக்குக் கார் கொண்டுபோன நான்கு நாட்கள்

1

ஒரகடம் கூட்டுரோட்டில் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நின்றிருப்பீர்கள்? கண்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, மறுபடியும் கண்டெய்னர் லாரி. போன முறை ஊருக்கு வந்தபோது கையிலிருந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை நின்றேன். அப்புறமும் ஒரு போலீஸ்காரர் கை காட்டித்தான் கடக்க முடிந்தது. அந்தச் சாலைக்குப் பக்கத்து ஊர்க்காரி நான். வடக்குப்பட்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் லைனில் நின்று வேலை பார்த்தவள். இப்போது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என் கணவர் வேலு தண்டலத்துக்காரர். இங்கே ஒரு சுரங்கத்தில் ஃபிட்டர். இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு.

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கி பதினாறு வருடம் நிறைந்த வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. என் மகள் கயலின் பெயருக்கு, அவள் படிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து. கயல் அடிலெய்டில் பார்மசி இரண்டாம் வருடம். அடுத்தவர் கடிதத்தைத் திறப்பது இங்கே குற்றம். எனக்கும் தெரியும். திறந்தேன்.

இந்த வருடத்துக்கு அவள் பெயர் பதிவு செய்யவில்லை, அதனால் சேர்க்கை ரத்தாகிறது என்று இருந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பேசியிருந்தாள். "கிளாஸ்லாம் ஓகேம்மா. அசைன்மென்ட் நிறைய. வைக்கட்டா?"

பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டேன். நான் அவளுடைய அம்மா என்றேன். எதிர்முனையில் இருந்த பெண், மாணவி பதினெட்டு வயதைத் தாண்டியவர், அவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் உங்களிடம் பேச முடியும் என்றாள். அனுமதி வாங்க ஒரு படிவம் இருக்கிறதாம். அதில் கயல் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வகுப்புக்கு வருகிறாளா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். முடியாது. நன்றாக இருக்கிறாளா என்றாவது? அதுவும் முடியாது. மரியாதையாகத்தான் பேசினாள். கடைசியில் என்னுடைய நாள் இனிதாக அமைய வாழ்த்தினாள்.

வேலுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுக் கத்துவார். கத்தினால் அவள் போனை எடுப்பதை நிறுத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் போய்விடும். அது ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம்.

கயலின் சின்னக் கார் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்தது. 'உன் காரைக் கொண்டுவந்து கொடுக்கிறேன்' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. காரை ரயிலில் ஏற்றியும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் நான் போவதற்குக் காரணம் இருக்காது.

இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். நடுவில் நல்லார்போர் என்று ஒரு சமவெளி. மரமே இல்லாதது என்பது அந்தப் பெயருக்கு அர்த்தமாம்.

"தனியாவா?" என்றார் வேலு, சுரங்கத்திலிருந்து. "நான் வந்தப்புறம் ரெண்டு பேரும் போலாமே. இப்ப இன்னா அவசரம்?"

"அவளுக்குக் கார் வேணுமாம்."

ஊரிலிருந்து ஏழுமலை அண்ணன் பேசினார். ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். "நல்லார் போரா? யாருக்கும் யாருக்கும்மா போரு?" என்று முதலில் சிரித்தார். பிறகு குரல் மாறியது. "சுமதி, ஸ்டெப்னியில காத்து கீதா பாத்தியா? அத்த யாரும் பாக்க மாட்டாங்கோ. ஜாக்கி கீதா? தண்ணி ரெண்டு கேன் எடுத்துக்கோ. வழியில எவன் கை காட்னாலும் நிறுத்தாத."

ஸ்டெப்னியில் காற்று குறைவாகத்தான் இருந்தது. நிரப்பிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை விடியலில் கிளம்பினேன்.

2

நான் கார் ஓட்டக் கற்றதே முப்பத்தைந்து வயதில். மூன்று முறை தேர்வில் தோற்றேன். முதல் முறை தோற்றதற்குக் காரணம் என் ஓட்டம் இல்லை, என் காது. சாலையோரம் நிறுத்தியிருந்த காரில், பக்கத்துச் சீட்டிலிருந்த தேர்வாளர் "வென் யூ ஆர் ரைட், சுமதி" என்றார். தயாரானதும் கிளம்பு என்று அர்த்தமாம். எனக்குத் தெரிந்த ரைட் ஒன்றுதான். வலது பக்கம் முழுசாகத் திருப்பி, எதிர் வீட்டு வாசலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வீட்டுக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது கயல் தரையில் விழுந்து சிரித்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அதற்கப்புறம் எங்கே கிளம்பினாலும் பின்சீட்டிலிருந்து "வென் யூ ஆர் ரைட், அம்மா!" என்று கத்துவாள். எந்த வயதில் அதை நிறுத்தினாள் என்று யோசித்துக்கொண்டே முதல் நாள் முழுக்க ஓட்டினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தைகள் ஒரு பழக்கத்தை விடும் நாளில், இன்றோடு விடுகிறேன் என்று சொல்லிவிட்டு விடுவதில்லை.

கோதுமை வயல்கள் முடிந்து, செம்மண் வந்து, ஒல்லியான மரங்களின் காடு வந்தது. கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால் பொழுது சாய்வதற்குள் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நார்ஸ்மன் என்ற சிறிய ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே அறை எடுத்தேன். டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சை சாதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கயலிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கே தொடங்கினாலும் மூன்றாவது வாக்கியம் ஒன்றாகவே இருந்தது. "நான் லைன்ல நின்ன மாதிரி நீ நிக்கக் கூடாதுன்னுதான இவ்ளோ தூரம் வந்தோம்?"

3

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு நேர்ச்சாலை வந்தது. தொடக்கத்தில் ஒரு பலகை. நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வளைவும் இல்லை. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போய்த் திரும்புகிற தூரம், ஸ்டியரிங்கைத் திருப்பாமல். இரண்டு பக்கமும் இடுப்பளவு சாம்பல் நிறப் புதர்கள், அதற்கு மேல் வானம். ஒரு மணி நேரத்தில் எதிரே ஏழு வண்டிகள் வந்தன. எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லாததால் எண்ணினேன். ஒவ்வொரு ஓட்டுநரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொன்னார். நான்காவது ஆளுக்கு நானும் உயர்த்தினேன்.

பாதி தூரம் தாண்டியிருப்பேன். கார் இடது பக்கமாக இழுத்தது. நிறுத்தி இறங்கினேன். பின் டயர் தரையோடு தட்டையாக உட்கார்ந்திருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை.

என்ஜினை அணைத்ததும் வந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் காதுக்குள் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு என் செருப்பின் கீழ் சரளைக்கல் நகர்ந்தது கேட்டது. காது சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் சொன்னபடி ஜாக்கியை எடுத்தேன். சக்கரத்தின் நான்கு நட்டுகள் கழன்றன. ஐந்தாவது அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தேன். வெயில் ஏறியது. காரின் நிழலில் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பேச்சியின் ஞாபகம் வந்தது.

பேச்சியம்மாள் தென்காசிப் பக்கத்துப் பெண். லைனில் என் இடது கைப்பக்கம் நிற்பாள். ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் நான்கு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். கம்பெனி பஸ் என்னையும் அந்தக் கூட்டுரோட்டில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு நடக்க வேண்டும். வழியில் இரண்டு பக்கமும் நிலங்களைக் கம்பெனிகளுக்காக எடுத்து, கல்தூண் நட்டு, முள்கம்பி கட்டியிருந்தார்கள். கம்பெனி எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. பயிரும் இல்லை, ஆளும் இல்லை. வேலிக்குள் புல்டோசர் தள்ளிச் சமப்படுத்திய வெறும் மண். வழக்கமாக ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவோம். அன்று எங்கள் ஊரில் எனக்கு மட்டும் ஓவர்டைம், பேச்சிக்கும் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் அந்த வழியைப் பார்த்தபடி நின்றேன்.

"ஏட்டி, ஒத்தையிலயா போவ?" என்றாள் பேச்சி. "நில்லு, நானும் வாரேன்."

"நீ எதுக்கு? உன் ரூம் இந்தப் பக்கம்தான கீது?"

"வாயப் பேசாம நடட்டி."

வழி முழுக்க அவள் ஊர் அருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டு விளக்கு தெரிந்ததும், "போ, நாளைக்குப் பாப்போம்" என்றாள். நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அம்மா திறந்தார்கள். சாப்பிட்டேன். தூங்கினேன்.

இத்தனை வருடம் அந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பேச்சி எவ்வளவு நல்லவள் என்பதற்காக. அந்தச் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கதையின் மற்ற பாதி எனக்கு உறைத்தது. அவள் அதே வழியில், நான் தனியாகப் போக பயந்த அதே வழியில், என்னை விட்டுவிட்டுத் திரும்பித் தனியாக நடந்திருக்கிறாள். இன்னும் இருட்டிய பிறகு. மறுநாள் லைனில் பக்கத்தில் நின்றபோது, எப்படிப் போனாய் என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கல்யாணமாகிக் கிளம்பினபோது முகவரியும் வாங்கிக்கொள்ளவில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. நெருங்கி வர வெகு நேரம் எடுத்துக்கொண்டது. மூன்று பெட்டிகள் கோத்த பெரிய லாரி. தாண்டிப்போய், நெடுந்தூரம் தள்ளி நின்றது. தலைப்பாகை கட்டிய ஒருவர் இறங்கி நடந்து வந்தார். எவன் கை காட்டினாலும் நிறுத்தாதே என்று அண்ணன் சொல்லியிருந்தார். கை காட்டாமலே நிறுத்துகிறவனை என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அவர் முதலில் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி வராது. நான் தமிழில் ஏதோ சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. இரண்டு இந்தியர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு மனிதர் இல்லாத இடத்தில், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அவர் பெயர் ஹர்பால். ஐந்தாவது நட்டு அவருடைய ஒரே உதைக்குக் கழன்றது. மாற்றுச் சக்கரம் சிறியது, எண்பதுக்கு மேல் ஓட்டக்கூடாது என்றார்.

"நீங்கள் முன்னால் போங்கள், சகோதரி. நான் பின்னால் வருகிறேன்."

அடுத்த ஒரு மணி நேரம் என் பின்கண்ணாடி முழுக்க அந்த லாரியின் முகம் இருந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கெய்குனா என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம், சாப்பாட்டுக்கடை, பஞ்சர் ஒட்டும் பட்டறை. அங்கே இறங்கியதும் நான் நேராக அவரிடம் போனேன். "என்னால் உங்களுக்கு எவ்வளவு நேரம் தாமதம்?" என்று கேட்டேன்.

அவர் சுவரைக் காட்டிச் சிரித்தார். அங்கே மூன்று கடிகாரங்கள் இருந்தன. பெர்த்துக்கு ஒன்று, அடிலெய்டுக்கு ஒன்று. நடுவில் இருந்தது அந்த ஊருக்கு மட்டும், பெர்த்தைவிட முக்கால் மணி முன்னால். "எந்தக் கடிகாரத்தின்படி சொல்லட்டும்?" என்றார்.

"உண்மையாகச் சொல்லுங்கள்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "இன்றைக்கு ராத்திரி தூக்கத்தில் கொஞ்சம் போகும். பரவாயில்லை. என் அக்காவும் கனடாவில் தனியாக டாக்ஸி ஓட்டுகிறாள்."

என்னிடம் இருந்த முறுக்கு டப்பாவை அவரிடம் கொடுத்தேன். கயலுக்காகச் சுட்டது. வாங்கிக்கொண்டு, டப்பாவைத் திருப்பித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

4

அன்று இரவு யூக்ளா என்ற ஊரில் தங்கிய விடுதியின் வைஃபையில் அண்ணனைக் கூப்பிட்டேன். டயர் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"அண்ணா, பேச்சி ஞாபகம் கீதா? தென்காசிப் பொண்ணு."

"உங்கூட லைன்ல இருந்துச்சே, அதுவா? வூட்டுக்கு ஒரு தபா வந்துச்சு."

"அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"எத்தினி வருசம் ஆச்சு! அந்தக் கம்பெனியே இப்ப இல்ல சுமதி. வேற பேர்ல இன்னாவோ ஓடிக்கினு கீது. அந்த ரூம்லாம் இடிச்சு லாட்ஜ் கட்டிட்டாங்கோ." பிறகு கேட்டார். "இன்னாத்துக்கு இப்ப?"

"ஒண்ணு கேக்கணும்."

"விசாரிச்சுப் பாக்கறேன். நம்ம பஸ்ல தென்காசிப் பசங்க நாலு பேர் வர்றாங்கோ."

விசாரித்தார். இன்றுவரை தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் தென்காசிப் பக்கத்துக்காரர்கள் இருந்தால், ஒரு காலத்தில் சுங்குவார்சத்திரத்தில் ஒயர் கம்பெனியில் வேலை பார்த்த, இடது புருவத்தில் தழும்புள்ள பேச்சியம்மாள் உங்கள் தெருவில் இருந்தால், சுமதி கேட்டாள் என்று சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்தான் அந்த மரமில்லாத வெளி. இப்போது எனக்குப் பயம் இல்லை. பாட்டும் போட்டுக்கொள்ளவில்லை. வலது பக்கம் ஓரிடத்தில் நிலம் கத்தியால் வெட்டினதுபோல் முடிந்து கீழே கடல் இருந்தது. அதற்கு அப்பால் தென் துருவம்தானாம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கயலிடம் சொல்ல வைத்திருந்த மூன்றாவது வாக்கியத்தை அங்கே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இடத்தில் அது பள்ளிக்கூடத்து அறிவிப்பு மாதிரி கேட்டது.

அன்று சாயங்காலம் செடூனா சோதனைச் சாவடி. பழம், காய்கறி, செடி எதுவும் மாநிலத்துக்குள் போகக்கூடாது. பழ ஈ வந்துவிடுமாம். எனக்கு இது தெரியும். தெரிந்தும், எங்கள் வீட்டுக் கொய்யா ஆறு, கறிவேப்பிலை ஒரு கட்டு, பச்சை மிளகாய் ஒரு பை வைத்திருந்தேன். எப்படியாவது விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான். அது நம் ஊர் நம்பிக்கை. அதிகாரிப் பெண் குப்பைத் தொட்டியைக் காட்டினாள். அங்கேயே சாப்பிடலாமா என்று கேட்டேன். சாப்பிடலாம், தாராளமாக என்றாள். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி ஏற்கெனவே நின்று ஒரு பை நிறைய காரட் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று கொய்யா கொடுத்தேன். எனக்கு மூன்று காரட் வந்தது. கறிவேப்பிலையைத் தொட்டியில் போடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

5

நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு வருவேன் என்று கயலுக்குச் சொல்லியிருந்தேன். விடியும் முன்னமே விழிப்பு வந்துவிட்டதால், வெளிச்சம் வந்ததும் கிளம்பி நான்கு மணிக்கே அவள் தெருவுக்குப் போய்விட்டேன். அடிலெய்டின் வடக்குப் புறநகர். வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் பேருந்து நின்றது. மஞ்சள் வேலைச்சட்டை போட்ட ஒரு பெண் இறங்கி நடந்து வந்தாள். கால்களை அகட்டி, பாதத்தின் ஓரத்தில் எடை போட்டு நடந்தாள். பத்தடி தூரம் வரும்வரை அது கயல் என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் நெற்றியில் குறுக்காக ஒரு சிவந்த கோடு. தொப்பியின் எலாஸ்டிக் எட்டு மணி நேரம் அழுத்தினால் வருகிற கோடு. என் நெற்றியில் மூன்று வருடம் இருந்தது. அம்மா தினமும் தேங்காயெண்ணெய் தடவிவிடுவார்கள்.

"நீ சிக்ஸுக்குதானே வரேன்ன?"

"சீக்கிரம் கெளம்பிட்டேன்."

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துது."

கயல் காரின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினோம். அது நல்லதாகப் போயிற்று.

"என்ன வேலை?"

"பிஸ்கட் ஃபேக்டரி. பேக்கிங் லைன்." பிறகு அவளே சொன்னாள். "சொல்லிடு. 'நான் லைன்ல நின்னேன், நீ நிக்கக் கூடாது.' எவ்ரி ரிப்போர்ட் கார்டுக்கும் அதான் சொன்ன. ஃபெயில் ஆனதும் எனக்கு அதான் கேட்டுது. உன் வாய்ஸ்ல."



கெமிஸ்ட்ரியில் இரண்டு முறை தோற்றிருக்கிறாள். பிறகு வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருக்கிறாள். பிறகு அறையை விட்டு வெளியே வருவதையும். "த்ரீ வீக்ஸ்மா. பெட்ல இருந்து எந்திரிக்கவே முடியல. சன்டே மட்டும் எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு உங்கிட்ட பேசுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டியா, படிக்கிறியா, அங்கே குளிரா. அவள் மூஞ்சி கழுவியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"அப்புறம் ஹவுஸ்மேட் சொல்லி இந்த வேலைக்குப் போனேன். பக்கத்துல ஒரு வியட்நாம் ஆன்ட்டி நிப்பாங்க. எனக்கு ஸ்பீட் வரலன்னா என் டிரேலயும் அவங்களே எடுத்து வெப்பாங்க. பிரேக்ல ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க." வேலைச்சட்டையின் நுனியை மடித்தாள். "எனக்கு அது புடிச்சிருக்கும்மா. என்னைக்கும் இதான்னு சொல்லல. இப்போதைக்கு புடிச்சிருக்கு."

நான்கு நாள் ஓட்டிக்கொண்டு வந்த வாக்கியங்கள் எதுவும் என்னிடம் மிச்சமில்லை. அவள் தலையை என் பக்கம் இழுத்து, அந்தச் சிவந்த கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். தெருவில் ஒரு நாய்க்காரர் நின்று பார்த்துவிட்டு, நாகரிகமாக எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

6

ஐந்து நாள் அவளோடு இருந்தேன். வேலுவிடம் அவளே போன் செய்து சொன்னாள்.  கத்தப்போகிறார் என்று நாங்கள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில், "காத்தால எத்தினி மணிக்கு ஷிஃப்ட்?" என்று கேட்டார். ஏழு மணி என்றாள். "வெறும் வயித்துல போவாத" என்று சொல்லி வைத்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு அடுத்த வருடம் போவாளா, வேறு ஏதாவது படிப்பாளா, இன்னும் தெரியாது. டாக்டர் ஒருவரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். முதல் முறை நானும் கூடப் போனேன். வெளியே உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாள் காலை கயல் கார் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளை ஃபேக்டரியில் விட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து நான் விமான நிலையம் போக வேண்டும். வாசலில் தொழிலாளிகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு குள்ளமான பெண் தூரத்திலிருந்து கையை ஆட்டினாள். கயலும் ஆட்டினாள்.

அவள் என்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை.

"அம்மா, நீ லைன்ல நிக்கும்போது கால் வலிச்சா என்ன பண்ணுவ?"

அந்த நாட்களைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி நிக்கக் கூடாது" என்றேன். "சின்னதா ஒரு கட்டையோ பெட்டியோ கெடைச்சா, ஒரு கால அது மேல வெச்சுக்கோ. கொஞ்ச நேரம் கழிச்சு மாத்திக்கோ. ஷூவ சாயங்காலத்துல வாங்கு. காலைல வாங்கினா சாயங்காலம் கடிக்கும்."

"ம். அப்புறம்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஷிஃப்டுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.